காலை ஆறரைக் கச்சேரி

பொழுது விடிந்தால் போதும், பக்கத்து வீட்டு சிரில் தன் மனைவியைப் பாடச் சொல்லி உயிரை எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அழகம்மை ஆச்சி காப்பியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மேல போ வெரோ. இன்னும் மேல."

வெரோனிகா போவாள். மாதா பாட்டின் உச்சியைத் தொட்ட பிறகுதான் அவள் கைக்கு மாத்திரை வரும்.

முப்பது வருஷமாக அந்தக் குரலை ரோட்டில் அலறும் லோரி ஹார்ன் என்று சொன்ன மனிதர். சர்ச்சில் அவள் பாட எழுந்தால், இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இப்போது அவளுக்குத் தைராய்டு கூடி, நெஞ்சு படபடத்து, வளையல் கழன்று விழும் அளவுக்கு இளைத்துக் கிடக்கும்போது தினசரிக் கச்சேரி கேட்கிறார்.

ஆச்சி ஒரு நாள் லிஃப்டில் கேட்டே விட்டாள். சிரில் சிரித்தார்.

"வயசான காலத்துல பாட்டு மேல ஆசை வந்துருச்சு லா ஆச்சி."

மறுநாளிலிருந்து ஆச்சி தன் வீட்டு முருகன் பாட்டை இரண்டு பங்கு சத்தமாக வைத்தாள். சிரில் கதவைத் தட்டி, ஒரு பத்து நிமிஷம் மட்டும் நிறுத்தி வைக்க முடியுமா, சரியாகக் காது கேட்கவில்லை என்றார். ஆச்சி இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

ஈஸ்டருக்கு நாலு நாள் இருந்தது. சர்ச்சில் தனிப்பாட்டு வெரோனிகாவுக்கு என்று முடிவாகியிருந்தது. அன்று காலை, உச்சிக்குப் போகிற வழியில் குரல் கரகரத்து நின்றது.

"திரும்பப் பாடு."

திரும்பவும் நின்றது.

"மாத்திரையைக் கீழ வை. கிளம்பு."

தூசி என்றாள் வெரோனிகா. ராத்திரி தூக்கமில்லை என்றாள். கடைசியில் அழுதாள். தலைகூட வாரவிடாமல், நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்தி இழுத்துக்கொண்டு போனார் சிரில்.

பாட்டு சரியில்லை என்று மாத்திரையைப் பிடுங்குகிற ஒரு புருஷன். ஆச்சி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு, பழம் வாங்கக்கூட மறந்து, திட்ட வேண்டியதை மட்டும் வரிசைப்படுத்திக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தாள்.

தனி அறை வாசலில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார் சிரில். ஆச்சி வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லையாம். ஆயிரத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்தத் தைராய்டு மாத்திரை அப்படிச் செய்துவிடுமாம். தொண்டை வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள். இப்போது ஊசி போட்டிருக்கிறார்கள், தேறிவிடுவாள்.

ஆச்சியின் வரிசை கலைந்துபோனது.

"அதுக்கு, தொண்டை வலிக்குதான்னு தினம் கேட்டாப் போதாதா அண்ணே?"

"ஈஸ்டர் பாட்டு போயிடுமேன்னு இல்லைன்னுதான் சொல்லுவா. நேத்து சாயங்காலமே வலியாம், இப்பதான் ஒத்துக்கிறா."

சிரில் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

"அவ பொய் சொல்லுவா ஆச்சி. அந்த லோரி ஹார்ன் சொல்லாது."