உதாரணத்தை மேலே போடுங்க

காங் யாயத் கருப்புத் திரையை நோக்கிக் குனிந்து, உதவிப் பக்கத்தின் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். எங்கே சிக்கினாலும் நான் உதவ மாட்டேன், புரியாவிட்டால் தப்பு எழுத்தின் மேல்தான் என்றும் சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்க்க யாரை உட்கார வைத்தாலும் இதைத்தான் சொல்வது.

அவர் தலையாட்டிவிட்டு என் பெயரைக் கேட்டார். தித்தின் என்றேன்.

வெளியே பாண்டுங்கின் மத்தியான மழை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி தேத்தே இமாஸ், ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊர்ப் பேச்சில் அண்ணன் காங், அக்கா தேத்தே, தங்கச்சி நெங்.

எங்கள் மென்பொருளின் பெயரும் மழைதான். ஹுஜான். மேற்கு ஜாவாவின் மழைமானிகளிலிருந்து வரும் அளவுகளில் பிசகானதைத் தள்ளிவிட்டு மாதக் கணக்கைக் கொடுக்கும். அழுத்துவதற்குப் பொத்தான் ஏதும் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். என்ன கட்டளை என்பது உதவிப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படித்து யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை.

லெம்பாங் நிலையத்தின் ஜனவரி மழையை எடுத்துக் காட்டுங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தேன். இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டார். நிலையத்தின் பெயரை மேலே சொன்ன முறையில் கொடுக்கவும் என்றிருந்தது. மேலே போய்த் தேடினார். மேலே எந்த முறையும் சொல்லப்படவில்லை.

"யாருங்க இதை எழுதினது? தனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஊருக்கே தெரியும்னு நெனச்சு எழுதியிருக்கான் மனுஷன்."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை, பக்கத்தை எழுதியவரிடமே நான் சொல்லியிருக்கிறேன்.

உதவிப் பக்கத்தை எழுதிய நாட்களில் இந்த அறையில் இரண்டே மேசை. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. எழுதியவர் தட்டுவார், நான் படித்துவிட்டுப் புரியவில்லை என்பேன். உதாரணத்தை முதலில் வையுங்களேன் என்று கெஞ்சுவேன். உதாரணத்தைப் பார்த்தால் எவன் மற்றதைப் படிப்பான், சோம்பேறிகளுக்கு நான் எழுதவில்லை என்பார். கோபத்தில் இறங்கிப் போய்ப் பட்டறை வாசலில் நிற்பேன். திரும்பி வரும்போது என் மேசையில் சூடாக ஒரு பொட்டலம் பாலா-பாலா, இந்த ஊர்க் காய்கறி பஜ்ஜி, இருக்கும்.

பக்கத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

இப்போது ஒரு வருடமாக இந்த அறையில் நான் வைத்ததுதான் சட்டம். பெரிய சந்தோஷம் ஒன்றுமில்லை. பட்டறை வாசலில் பாலா-பாலா இன்னும் விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை.

காங் யாயத் ஏதோ தட்டினார். பிழை என்றது திரை. மாற்றித் தட்டினார். மறுபடியும் பிழை. விரல்கள் வேகமாகத்தான் ஓடின, ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தேத்தே இமாஸ் சட்டென்று குடையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

இங்கே தன்னால் வேலை பார்க்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் காங் யாயத் வந்திருந்தார்.

"இதெல்லாம் எனக்கு ஏறாது போலிருக்கு, நெங்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

என் கை தானாகவே விசைப்பலகைப் பக்கம் போனது. இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். நான் காட்டிக்கொடுத்துவிட்டால், தன்னால் முடியுமா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிப்பதை விட்டுவிட்டு, பக்கத்தின் அடிமட்டத்துக்கு ஒரே ஓட்டமாகப் போனார். அங்கே, எல்லா விளக்கங்களுக்கும் கீழே, ஒற்றை உதாரணம் இருந்தது. அதை அப்படியே தட்டி, ஊர்ப் பெயரை மட்டும் லெம்பாங் என்று மாற்றினார். மாதத்தை மாற்றினார்.

திரை நிறைய லெம்பாங்கின் மழை கொட்டியது.

மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை.

"இதை ஏன் கீழே ஒளிச்சு வச்சிருக்கான்? உதாரணத்தை மேலே போடுங்க. அதைப் பாத்துட்டா மத்தது தானா புரிஞ்சுட்டுப் போகுது."

எழுதிக்கொண்டேன்.

எழுதியவர் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறாரா என்று கேட்டார். அவர் லீவில் இருக்கிறார் என்றேன். காங் யாயத் சற்று யோசித்தார்.

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், மனசு கஷ்டப்படுவாரு."

"சொல்ல மாட்டேன், காங்."

தேத்தே இமாஸை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். திங்கட்கிழமை முதல் அரை நாள் வரட்டும் என்று நான் சொன்னதும், அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே குடையில் சந்துக்குள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிறகு அசல் பக்கத்தைத் திறந்து உதாரணத்தை மேலே கொண்டுபோனேன். கூடாது என்று சொல்ல யாருமில்லை.

பழையதைப் பற்றிப் பேசினாலே தன் கணவர் முகம் வெளிறிவிடுகிறது, அதனால் புது ஆளாகவே வந்து உட்காரட்டும் என்று தேத்தே இமாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மூளைக் காய்ச்சல் பதினைந்து வருடங்களை அவரிடமிருந்து துடைத்து எடுத்துப் போயிருந்தது. எனவே சோதனைக்கான நகலில் மட்டும் கடைசி வரியைக் காலையிலேயே அழித்து வைத்திருந்தேன்.

அசலில் அது அப்படியே இருந்தது.

எழுதியவர்: யாயத் ருஹியாத்.