தளிகைக்கு ஏற்ற காஸ்

காப்பி போட மேதா அடுப்பைத் திருகினாள். சுடர் லேசாக எட்டிப் பார்த்துவிட்டு அணைந்துபோனது.

அவர்களுடைய தில்லிக் குடியிருப்பின் கழிவுநீர்ச் சகதியோடு சமையலறைக் கழிவையும் கலந்து எரிவாயு எடுக்கும் திட்டம் அவளுடையதுதான். நாளைக்கும் வாயு வராவிட்டால் மூடிவிடுவதென்று கமிட்டி முடிவெடுத்திருந்தது.

"இப்போ உனக்குத் திருப்திதானேம்மா? கக்கூஸ் காஸ்ல பெருமாளுக்குத் தளிகையான்னு சண்டை போட்டவளாச்சே நீ!"

"போடி. அப்புறம் நான்தானே முதல்ல ஒத்துண்டேன்? மத்த மாமிகளையும் சம்மதிக்க வெச்சேனே!" என்றாள் விஜயலக்ஷ்மி.

"அதான் புரியலை. எப்படி மனசு மாறித்து?"

"ஐ.என்.ஏ. மார்க்கெட்லேர்ந்து மூட்டையா ப்ளீச்சிங் பவுடர் வாங்கினோம். எல்லா ஆத்துக் கக்கூஸ்லயும் தினம் கொட்டறோம். அடுப்புக்கு வரப்போறதாச்சே, சுத்தமாப் போகட்டும்னுதான்."

மேதா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அரே அம்மா! அந்தச் சகதியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் காஸே உண்டாக்கறது. கோடிக்கணக்கான உயிர்! எல்லாருமாச் சேர்ந்து கொன்னுட்டேளே!"

விஜயலக்ஷ்மியின் முகம் வெளிறியது.

"ஐயோ, இன்னிக்கு ஏகாதசிடீ!"