பழைய பசை

"எவனோ கத்துக்குட்டி இதை ஏற்கெனவே ஒட்டிப் பிரிச்சிருக்கான். பார், துண்டுக்குத் துண்டு பழைய பசை!" துண்டுகளை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மை விமானத்தின் இறக்கை பொருந்தாமல் கணவர் சிடுசிடுத்தார்.

"கடைக்காரன் பழசை நம்ம தலையில கட்டிட்டான் போல," என்றாள் மனைவி.

"விடு, நான் சரி பண்ணிடறேன்."

சாயங்காலம் விமானம் முழுசாக நின்றது. "நாளைக்குப் பெயின்ட்!" என்று குழந்தை மாதிரி சிரித்துவிட்டுப் படுக்கப் போனார்.

அவள் வழக்கம்போலக் கத்தியால் இறக்கைகளை நெம்பிப் பிரித்து, பெட்டியில் போட்டு மூடினாள்.

ஒரே ஒரு தடவை பிரிக்காமல் விட்டிருந்தாள். தூங்கி எழுந்தால் முந்தின நாள் செய்ததெல்லாம் மறந்துபோகிற மனுஷன், "நான் ஆசையா வாங்கினதை யாருடி ஒட்டினது?" என்று அன்று முழுக்கத் தேம்பினார்.