பக்தவச்சலத்தின் சந்தேகம்

"சதீஷ், நான் சொல்றேன் கேளு. அது பொண்ணே கிடையாது!"

மரக்காணத்தில் வருஷா வருஷம் நடக்கும் பெண்கள் கபடிப் போட்டிக்குக் கோப்பை கொடுப்பவர் பக்தவச்சலம். உப்பளக்காரர். கோப்பை கொடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

"யாரு, அனுமந்தை டீம் யுவராணியா? சின்னதுலேர்ந்து பார்க்கிறேன் சார்," என்றார் போட்டியை நடத்தும் சதீஷ் வாத்தியார்.

"குரலைக் கேளு. தோளைப் பாரு. மேலுதட்டுல மீசை வேற! ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வந்தாத்தான் ஃபைனல். இல்லைன்னா கோப்பை கிடையாது."

சதீஷின் பார்வை பக்தவச்சலத்தின் மீசைக்குப் போய்விட்டுத் திரும்பியது. முக்கால்வாசி மை பென்சில். அவர் அவசரமாகக் கர்ச்சீப்பை எடுத்து வியர்வையை ஒற்றினார். துடைத்தால் கலைந்துவிடும்.

பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த யுவராணி முழங்கால் பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பக்தவச்சலம் தன் டெஸ்ட் ரிசல்ட்டை வாங்க மனைவியோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. மனைவி வைஜெயந்தி கெஞ்சிக் கூத்தாடி, போன மாதம்தான் அவரும் முதல்முறையாக ரத்தம் கொடுத்திருந்தார். பொண்டாட்டி திருப்திக்கு.

"உங்களுக்கு குரோமோசோம்ல ஒரு எக்ஸ் கூடுதலா இருக்குங்க," என்றார் டாக்டரம்மா. "ஆம்பளைங்களுக்குப் பொதுவா ஒரு எக்ஸ், ஒரு ஒய். உங்களுக்கு எக்ஸ் ரெண்டு. பிறக்கும்போதே வர்றது. குழந்தை தள்ளிப்போறதுக்கு அதான் காரணம்."

"ரெண்டு எக்ஸா? அது பொம்பளைங்களுக்கு இருக்கிறதாச்சே?"

"உங்களுக்கு ஒய்யும் சேர்ந்து இருக்கு. எல்லார் உடம்பும் ஒரே அச்சுல வார்த்ததா என்ன? பல பேருக்கு இப்படி இருக்கிறது கடைசிவரைக்கும் தெரியாது."

"அப்ப நான்..."

"நீங்க ஆம்பளைதாங்க."

கையெடுத்துக் கும்பிட்டார் பக்தவச்சலம். இதை இன்னொருத்தர் வாயால் கேட்டு நிம்மதியாகிற நாளும் தனக்கு வந்துவிட்டதே!

வெளியே வந்ததும் போன் போட்டார்.

"சதீஷ், டெஸ்ட்டு கிஸ்ட்டு ஒண்ணும் வேணாம்பா. அந்தப் பொண்ணை ஆடச் சொல்லு. நானே நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கிறேன்."

"என்ன சார் திடீர்னு?"

"நீ என் மீசையைப் பார்த்தப்பவே நான் வாயை மூடியிருக்கணும்."

ஊர் திரும்பும் வழியில் கார் கூனிமேட்டைத் தாண்டியது. பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"வைஜெயந்தி, வெளிய தெரிஞ்சா என் மானமே போயிடும். அம்மா வேற கேப்பாங்க. என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாங்க. மூணு வருஷம் முன்னாடி எனக்கு டெஸ்ட் எடுத்து எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே, அன்னிக்கே அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னன்னு?"

வைஜெயந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குறை எங்கிட்டதான்னு."