குரங்கு அறுத்த ஒயர்

ஜீப் கவிழ்ந்து நெஞ்சில் அடிபட்ட எஸ்டேட் முதலாளி நாச்சிமுத்துவை மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். சேலம் இறங்கும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டர் வழியாகச் சேலம் டாக்டருக்கு அனுப்பித்தான் கேட்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்த மலர்க்கொடி, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“சேலம் டாக்டர் படத்தைப் பாத்தாரா கண்ணு?” என்றார் நாச்சிமுத்து.

“எப்படிங்க போகும்? உங்க எஸ்டேட் வழியா வந்த இன்டர்நெட் ஒயருதான் போன வருசமே அந்து போச்சுங்களே. குரங்கு கடிச்சுப்போட்டுதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “மூச்சு வாங்குது சாமி. ஏதாச்சும் பண்ணு.”

“எம்பட ஊட்டுக்காரரும் இதே கட்டில்லதானுங்க படுத்திருந்தார். மொளகு பறிக்கையில மரத்துல இருந்து விழுந்த மனுசன். அவரு படமும் போகல. உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்துப்போனார்.”

“குரங்கு இல்ல கண்ணு! எம்பட மரத்துல கேக்காம ஒயர் கட்டிப்போட்டாங்கன்னு நாந்தான் ஆளவிட்டு அறுத்தேன். இப்பவே கட்டச் சொல்றேன். என்னைக் காப்பாத்து!”

மலர்க்கொடி கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் சேலம் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

“போன வாரம் கூரை மேல இன்டர்நெட்டுக்கு டிஷ் வெச்சுட்டாங்க. இப்ப ஒயரே வேண்டாமுங்க” என்றவள், “கேட்டுச்சுங்களா டாக்டர்?” என்றாள்.

“கேட்டேம்மா. அவர் பேசினது மொத்தமும் பதிவாகியிருக்கு. எலும்பு, நுரையீரல் எல்லாம் நல்லா இருக்கு, வெறும் வீக்கந்தான். ஐயா தாராளமா போலீஸ் ஸ்டேஷன் படியேறலாம்.”