பன்னிரண்டடி லாவா

"எரிமலையின் வாயை ஒருமுறை எட்டிப் பார்த்தவன், பழைய மனிதனாகத் திரும்புவதே இல்லை!" என்று முழங்கினார் சத்தியநாதன்.

முழக்கம் அடங்குவதற்குள் மைக் கீச்சிட்டது. முன்வரிசையில் அவருடைய ஐந்து பிள்ளைகளில் கடைசி எழுந்து நின்று, "அப்பா, ஒண்ணுக்கு" என்றது.

கிழக்குத் தாம்பரம் குடியிருப்போர் மனமகிழ் மன்றத்தில் அன்று ஞாயிறு சாயங்காலம் தலைவர் தேர்தல். ஆறு வருஷமாக அந்தப் பதவியில் இருந்தவர் குரோம்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்தபா. இரண்டு தடவை பினாங்கு போய்வந்தவர் என்பதால் அவரை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவு வந்ததில்லை. தலைவர் நாற்காலி மேல் சத்தியநாதனுக்கும் ஆறு வருஷமாகவே ஒரு கண். ஆனால் ஹெட்கிளார்க்கான அவர் அதிகபட்சம் போயிருந்த ஊர் விழுப்புரம்.

எழுபத்தொன்றாம் வருஷத்து மே மாதம் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. அவரும் ஆபீஸ் சிநேகிதர்கள் வில்பிரட்டும் ஸ்ரீநிவாசராகவனும் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு போட்டுக் காணாமல் போனார்கள். வந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தமானுக்கும் அப்பால், மேப்பில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் ஒரு தீவில், மூவரும் எரிமலை ஏறிவிட்டு வந்திருக்கிறார்களாம்.

இன்று அவர்கள் மேடைக்கு நடந்து வந்த விதமே சபையை அசத்தியிருந்தது. வழுக்குத் தரையில் முட்டைக் கூடை சுமப்பவர்கள் மாதிரி, காலை அகட்டி அகட்டி, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தார்கள்.

"லாவாச் சரிவுல நடந்த காலு. பழைய நடை வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்று விளக்கம் சொன்னார் சத்தியநாதன். நாற்காலி போட்டதற்கு, "எரிமலை எங்களுக்கு நிக்கக் கத்துக்குடுத்திருக்கு" என்று மறுத்துவிட்டார். அதற்கே கைதட்டல்.

பேச்சு சூடேறியது. தென்னந்தோப்பு பற்றி எரிந்தது. கடல் கொதித்தது. கொதித்த கடலில் வெந்தே மிதந்த மீனை வில்பிரட் உப்புகூடப் போடாமல் தின்றார். ஸ்ரீநிவாசராகவன் ஐயங்கார் என்பதால் வாசனையோடு நிறுத்திக்கொண்டார். பீச் ரயில் தடதடத்துப் போகும் வரை எரிமலை அரை நிமிஷம் காத்திருந்து, மறுபடி வெடித்தது.

"அப்ப குறுக்கால ஓடி வருது, பன்னண்டடி அகலத்துக்கு லாவா! பின்னாலயும் நெருப்பு! என்ன செய்ய? தாண்டினேன்!"

"மச்சான், நாலடி போதும்டா" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார் வில்பிரட்.

சபையில் பாதிக் கைகள் ஓட்டுப் போட இப்போதே அரித்தன. முஸ்தபா எழுந்தார்.

"சார், அந்தத் தீவுலேர்ந்து ஒரு கல்லாச்சும் எடுத்தாந்தீங்களா?"

"கல்லை எடுத்தா எரிமலை கோவிச்சுக்கும், பாய்."

"கப்பல்ல போக நாலு நாளு, வர நாலு நாளு. மிச்சம் ரெண்டே நாள்ல அம்மாம் பெரிய மலையை ஏறி எறங்கிட்டீங்களா?"

"நெருப்பு தொரத்தினா எறங்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், பாய்?"

சபை குலுங்கிச் சிரித்தது. நாற்காலி கைவிட்டுப் போவது முஸ்தபாவின் கண்ணுக்கே தெரிந்தது. விடுவிடுவென்று போய் ஒரு பெஞ்சை இழுத்து வந்து மேடைமேல் போட்டார்.

"இது ஒரே ஒரு அடி அகலம். கீழ நெருப்பும் கிடையாது. தாண்டிக் காட்டுங்க. தாண்டிட்டா எலெக்‌ஷனே வேணாம். என் கையாலயே மாலையைப் போட்டு நாற்காலியைக் குடுத்துட்டுப் போறேன்!"

மேடையில் மூன்று முகங்களும் சுண்ணாம்பாய் வெளுத்தன. சத்தியநாதனின் மனைவி தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயமா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"சபை மரியாதைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க..." என்று இழுத்தார் சத்தியநாதன்.

"பன்னண்டடி தாண்டுனவருக்கு இது ஒரு பேஜாரா? தாண்டு சார்!" என்று கூவியது கடைசி வரிசை.

"தாண்டுங்கப்பா!" என்று ஐந்து பிள்ளைகளும் முன்வரிசைப் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தின.

ஸ்ரீநிவாசராகவன் காதோடு கெஞ்சினார். "வேணாம் ஓய், தோத்துடலாம். தோத்தா ஒண்ணும் ஆகாது."

சத்தியநாதன் தலைவர் நாற்காலியைப் பார்த்தார். கைப்பிடி இரண்டிலும் மெத்தை வைத்துத் தைத்த நாற்காலி. விழுப்புரத்தை நினைத்துப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை இறுக மூடி, கர்த்தரை வேண்டிக்கொண்டு, வலது காலைத் தூக்கினார்.

வாசலில் ஒரு சைக்கிள் தடாலென்று விழுந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் ஆர்டர்லி வேலை பார்க்கும் குப்பன், சிவப்பு முக்கோணம் போட்ட பையோடு உள்ளே பதறி ஓடி வந்தார்.

"ஐயோ, தாண்டாத சார்! மூணு பேருக்கும் இன்னும் தையல் பிரிக்கல!"