நடந்து போன ஊர்வலம்

மின்நிலையப் பலகையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன.

ஒரு புள்ளி அணைந்தால், யாரோ வீட்டு வாசலில் மின்கம்பியில் செருகியிருந்த காரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். இடாலினா பல்லைக் கடித்தாள்.

பக்கத்துப் பெரிய தீவான மதேராவிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பல் வரும், மின்கம்பி வராது. வெயிலும் காற்றும் கொடுக்கும் மின்சாரத்தை ஊர்க் கார்கள் வயிறு முட்டக் குடித்து வைத்துக்கொள்ளும். வானம் கைவிரிக்கும்போது திருப்பித் தரும்.

இன்று காலையிலிருந்தே மேகம். காற்றாடிகள் அசையவில்லை.

பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தான் கல்யாணம். காரில் ஏறி, ஹாரனை அலறவிட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போகாவிட்டால் இந்த ஊரில் அது கல்யாணமே இல்லை.

பலகையில் மின் அளவைக் காட்டும் முள் சரியத் தொடங்கியது.

"கிளப்பட்டுமா?" என்றார் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் பல்தசார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. "பிடிவாதம் சோறு போடாதும்மா."

ஒரு வருடம் டீசலே இல்லாமல் ஊர் மின்சாரத்தை ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் சவால் விட்டவள் இடாலினா. நாளையோடு கெடு முடிகிறது. இப்போது கிளப்பினால் ஊர் சிரிக்கும். அப்புறம் அந்த எஞ்சினை யாராலும் ஓரங்கட்ட முடியாது.

அவள் சாமியாருக்கு போன் போட்டாள்.

"சாமி, மைக்ல சொல்லுங்க. எல்லாரும் மைதானத்துல காரைச் செருகிட்டு, கோயிலுக்கு நடந்து வரணும்."

"கல்யாண ஊர்வலம் நடந்தா? பொண்ணு வீட்டுல என் தோலை உரிச்சிடுவாங்கம்மா."

"பொண்ணு வீட்டுக்கு நான் பொறுப்பு."

ஒலிபெருக்கி கரகரத்தது. கொஞ்ச நேரத்தில், புது ஷூவோடு மேடேறுகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லித் திட்டுவது ஜன்னல் வழியே கேட்டது. திட்டட்டும். நாளைக்கு அவர்களே பெருமையடித்துக்கொள்வார்கள்.

மைதானத்தில் ஒரு புள்ளி எரிந்தது. பிறகு நாலைந்து. பிறகு கொத்தாக.

முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. இடாலினாவுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது.

பல்தசார் பெருமூச்சு விட்டார். "சரி, நீ ஜெயிச்ச. எந்திரி, பலகையை நான் பாத்துக்கறேன். எஞ்சின் பக்கம் திரும்பக்கூட மாட்டேன், போதுமா?"

கோயில் மணி இரண்டாம் முறை அடித்தது. நாற்காலிச் சக்கரத்தில் சிக்கியிருந்த வெள்ளை முக்காட்டை மெல்ல இழுத்து எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள் இடாலினா.

அவசரமில்லை. மணப்பெண் வராமல் எந்தச் சாமியாரும் தொடங்கிவிட முடியாது.